காத்தவராயனின் இடது கண்

சதுரங்கப்பட்டினத்து மீன் ஏலக் கொட்டகையில்தான் காத்தவராயனை முதன்முதலாகப் பார்த்தேன். செங்கல்பட்டில் நான் வேலை பார்க்கும் கண் ஆஸ்பத்திரி, கடலோர ஊர்களில் சர்க்கரை நோயாளிகளுக்கு முகாம் நடத்துகிறது. விழித்திரையைப் படம் பிடிக்கும் கேமராவும் அதை இயக்கும் நானும் வேனில் போய் இறங்குவோம். திருக்கழுக்குன்றத்துக்குத் தெற்கே நெல் விளையும் சின்ன ஊர் என்னுடையது. அந்த ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் வேனில் ஏறும்போதே வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டுவிடுவேன்.

ஏலம் முடிந்து தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரம் காயாத மூலையில் கறுப்புத் துணியால் ஒரு மறைப்புக் கட்டி, அதற்குள் கேமராவை வைத்திருந்தேன். வரிசை ஓய்ந்து, சாமான்களை எடுத்துவைக்கும் நேரத்தில் அவர் வந்தார். கட்டுமஸ்தான உடம்பு, ஐம்பதைத் தாண்டிய வயது, தோளில் ஒரு பூத்துண்டு.

"தம்பி, ஒன் மிஷினு கடலுக்குள்ளாற கீற மீனைக் காட்டுமா?"

"கண்ணுக்குள்ள இருக்கறதை மட்டும்தாங்க ஐயா காட்டும்."

"அப்ப நமக்கு வேலைக்காவாது," என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

பின்னாலேயே அவர் மனைவி ஆதியம்மாள், காலி அன்னக்கூடையை இடுப்பில் வைத்தபடி நின்றிருந்தாள். மீன் விற்றுவிட்டு நேராக வந்திருந்தாள்.

"எட்டு வருசமா சக்கர கீது சார். மாத்திரையப் போடுன்னா, 'உப்புக் காத்துல நிக்கறவனுக்குச் சக்கர இன்னா பண்ணும்'ன்றாரு."

"நீ போயி டீ வாங்கியா," என்றார் அவர்.

அவள் நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, ரெண்டு மாசமா எனக்கு ஒரு பேஜாரு. கடல்ல மீன் கூட்டம் தெர்து. கையத் தூக்கறேன், வலைய வுட்றானுங்க, இழுத்தா ஒண்ணும் இல்ல. ஒருவாட்டி இல்ல, பல வாட்டி. எனக்குக் கண்ணு தெர்லன்னா பரவால்ல. இல்லாததும் தெர்து."

அவர் வேலை என்னவென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. படகின் முனையை அவர்கள் அணியம் என்கிறார்கள். அணியத்தில் ஒருவர் நின்றுகொண்டு தண்ணீரின் நிறத்தையே பார்த்துக்கொண்டு வருவார். மீன் கூட்டம் அடியில் போனால் அந்த இடம் மட்டும் கொஞ்சம் கறுத்துத் தெரியும். தெரிந்ததும் கையைத் தூக்குவார். தூக்கிய கைக்கு மறுபேச்சுக் கிடையாது. படகுக்குச் சொந்தக்காரரே எஞ்சின் பக்கம் உட்கார்ந்திருந்தாலும், 'நெஜமா?' என்று கேட்கக் கூடாது. கேட்கும் நேரத்தில் கூட்டம் கலைந்துவிடும் என்பது ஒரு காரணம். அணியத்தில் நிற்பவரைச் சந்தேகப்பட்டுவிட்டுக் கடலில் இருக்க முடியாது என்பது இன்னொன்று. அதனால்தான் வெறும் தண்ணீரில் அத்தனை தடவை வலை விழுந்திருக்கிறது.

"ஐயா, அந்தச் செவுத்தைப் பாருங்க," என்றேன். கொட்டகையின் ஒரு பக்கச் சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள்.

பார்த்தார்.

"இப்ப கண்ணை மட்டும் அந்தாண்ட திருப்பிட்டு மறுபடி நேரா பாருங்க. ஏதாவது ஓடுதா?"

சுவரில் அவருக்கு மட்டும் தெரிந்த எதையோ தலை அசையாமல் பின்தொடர்ந்துகொண்டிருந்தார்.

"செவுத்துலயும் போவுதே," என்றார் கடைசியாக.

கண்ணில் மருந்து விட்டுப் படம் எடுத்தேன். வலது கண்ணில் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. விழித்திரை எப்போதோ பிய்ந்து சுருண்டுபோயிருந்தது. மங்கலாக இருக்கிறதென்று அவரும் விட்டுவிட்டிருக்கிறார். இத்தனை நாள் கடலைப் பார்த்ததெல்லாம் இடது கண் ஒன்றுதான். அந்தக் கண்ணின் படம் கேமராவின் திரையில் வந்தது. ஆரஞ்சு நிறப் பின்னணி முழுக்க ரத்தத் துளிகள், மஞ்சள் கசிவுகள். நல்ல குழாய்களுக்கு நடுவே, முளைக்கக் கூடாத மெல்லிய குழாய்கள் கொத்துக் கொத்தாக முளைத்திருந்தன. அவற்றில் ஒன்று உடைந்து, கண்ணுக்குள்ளே இருக்கும் கூழில் ரத்தம் இழை இழையாக மிதந்துகொண்டிருந்தது. அவர் கை தூக்கியதெல்லாம் அதைப் பார்த்துத்தான்.

ஆதியம்மாள் டீயோடு வந்தாள். அவர் வாங்கி, குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"நான் மறுபடி அணியத்துல நிக்க முடியுமா? அத மட்டும் சொல்லு."

"செங்கல்பட்டுக்கு வாங்க. டாக்டர் பாத்துச் சொல்லுவாங்க."

"படிச்ச புள்ள, நேரா சொல்ல மாட்டேன்ற," என்றார். கோபமாக அல்ல.

மறுவாரம் அவரும் ஆதியம்மாளும் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, கூடவே தீனாவும் வந்திருந்தான். காத்தவராயனின் தங்கை மகன். அதே படகில் போகிறவன். அவர் சொல்லாமல் விட்டதையெல்லாம் அவன்தான் எனக்குச் சொன்னான். கடைசியாகக் கை தூக்கிய அன்றைக்கு வலையில் ஒரு பிளாஸ்டிக் பையும் கொஞ்சம் பாசியும் வந்ததாம். கரைக்கு வந்த பிறகு, படகுக்காரர் கேசவன், "அண்ணாத்த, நாளைக்கு நீ பின்னால எஞ்சினாண்ட ஒக்காரு, வெயிலு ஓவரா கீது," என்று மட்டும் சொன்னாராம்.

"நான் வேற ஒரு வார்த்தை வுட்டுட்டேன் சார்," என்றான் தீனா. "'மாமா, மீனு கடல்ல இல்ல, ஒன் கண்ணுலதான் கீது'ன்னேன். தமாசுக்குத்தான். எல்லாம் சிரிச்சானுங்க. மாமாவும் சிரிச்சாரு. அன்னிலேர்ந்து கடலுக்கு வர்ல."

டாக்டர் ரெஜினா வெகுநேரம் பரிசோதித்தார். பிறகு படத்தைக் கணினியில் பெரிதாக்கி, அவர்கள் மூவரையும் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார்.

"இதோ இந்த எடத்துல ஒரு சவ்வு வளர்ந்திருக்கு. அது சுருங்கச் சுருங்கத் திரையைப் புடிச்சு இழுக்குது. நடுவுல இருக்கற பார்வையை இன்னும் தொடலை. தொட்டுட்டா அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிச் சவ்வை எடுத்துடணும்."

"எடுத்துட்டா?"

"இப்ப இருக்கற பார்வை நிக்கும். கறுப்பா ஓடறதும் போயிடும்."

"நாளைக்கே எடுத்துடும்மா."

"அதுக்கு முன்னாடி உங்க நெஞ்சைப் பாக்கணும்."

காத்தவராயன் சிரித்துவிட்டார். "கண்ணு போவுதுன்னு வந்தா, நெஞ்சைக் காட்டுன்றீங்களே."

"உடம்பு முழுக்க ஓடற ரத்தக் குழாயைக் கிழிக்காம நேரா பாக்கறதுன்னா அது கண்ணுலதான் முடியும். இங்க உங்களுக்குக் குழாய் இவ்வளவு கெட்டுப் போயிருக்கு. நெஞ்சுக்குப் போற குழாய் மட்டும் நல்லா இருக்கும்னு நான் எப்படி நம்பறது? உங்களுக்கு மூச்சு வாங்குதா?"

"கெடையாது."

"நெஞ்சு வலி?"

"வலின்னா இன்னான்னே தெரியாதும்மா எனக்கு."

ஆதியம்மாள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். அவர் திரும்பிப் பார்த்தார். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

ஈசிஜியில் ஏதோ ஒரு சின்ன மாற்றம் இருந்தது. எக்கோ எடுக்கச் சொன்னார்கள். அதற்குக் கிடைத்த தேதி தள்ளிப்போயிற்று. கண் அதுவரை தாங்காது. ரெஜினா யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். இந்த ஆபரேஷனுக்கு முழு மயக்கம் வேண்டாம், கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரத்துப்போக வைத்தால் போதும். ஆனால் முடியும்வரை மல்லாந்து, தலையணை இல்லாமல், ஆடாமல் படுத்திருக்க வேண்டும். இதயம் பலவீனமாக இருப்பவர்களால் அப்படிப் படுக்க முடியாது, நுரையீரலில் நீர் ஏறி மூச்சு முட்டும். ஆகவே படுக்க வைத்துப் பார்ப்பது, தாங்கினால் நெஞ்சைக் கண்காணித்தபடியே கண்ணை முடித்துவிடுவது என்று தீர்மானித்தார்.

சொன்ன நாளில் வந்தார்கள். காத்தவராயனை நான்தான் பரிசோதனை அறைக் கட்டிலில் படுக்க வைத்தேன். விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டினேன். ரெஜினா நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆதியம்மாள் கதவோரம் நின்றாள்.

அவர் அசையவே இல்லை. மின்விசிறியைப் பார்த்தபடி, கைகளை வயிற்றின்மேல் கோத்துக்கொண்டு கிடந்தார். கருவியில் எண் கொஞ்சம் இறங்கிற்று, பிறகு அங்கேயே நின்றது. அதை மட்டும் வைத்து எதுவும் சொல்வதற்கில்லை. நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை அரும்பியது. "புழுக்கமா இருக்கா?" என்றார் ரெஜினா. "ஆமாம்மா, ஃபேனு மெதுவா சுத்துது," என்றார், வாயை அதிகம் திறக்காமல்.

நேரம் முடிந்து எழுந்து உட்கார்ந்தவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இன்னாம்மா, பாஸா?"

"பாஸ்தான். நாளைக்குக் காலையில பண்ணிடலாம்."

ஆதியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அது பொய்யி."

"ஏய்," என்றார் அவர்.

"வூட்ல அது படுக்கறதே இல்லம்மா. பழைய வலையெல்லாம் குமிச்சிப் போட்டு அதும்மேல சாஞ்சி ஒக்காந்துகினுதான் தூங்கறாரு. கார்த்திகையிலேர்ந்து அப்டித்தான். படுத்தா இழுத்துகினு ஏந்துக்கறாரு. இப்ப மூச்சைக் கட்டிகினு கெடந்தாரும்மா. சின்னப் புள்ளையா இருக்க சொல்லோ பாறையில மாட்டின வலைய முங்கி எடுக்கற ஆளு அது. அதுக்குத் தம் கட்ட வரும்."

காத்தவராயன் கட்டிலைவிட்டு இறங்கினார். குரல் ரொம்பச் சின்னதாகிவிட்டிருந்தது.

"கடலைக் காட்டிச் சத்தியம் பண்ணியேடி."

காலையில் பஸ் ஏறும் முன் அவளைக் கரைக்குக் கூட்டிப்போய், கடலுக்கு நேராகக் கை நீட்ட வைத்து, ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். கடலுக்குப் போகிற வீட்டுப் பெண்கள் எந்தச் சத்தியத்தை மீறினாலும் அதை மீற மாட்டார்கள். மீறினால் கடல் அந்தக் கணக்கை, தன்மேல் போயிருக்கிற ஆளின் உயிராகக் கேட்கும் என்பது நம்பிக்கை.

"பண்ணேன்," என்றாள் ஆதியம்மாள். "நீதான் கடலுக்குப் போவலியே. யாரைக் கேக்கப்போவுது அது?"

அந்தப் பகல் முழுக்க ரெஜினா ஃபோனில் பேசி, அன்று மாலையே எக்கோவுக்கு இடம் வாங்கினார். இதயம் துடிக்க வேண்டியதில் பாதிகூடத் துடிக்கவில்லை. ஒரு பக்கத் தசை செத்துத் தழும்பாகியிருந்தது. ஒரு மாரடைப்பு வந்து, அதுபாட்டுக்குப் போயிருக்கிறது.

"எப்ப வந்துச்சுன்னு தெரியுமா?" என்று கேட்டார் ரெஜினா.

தீனாவும் ஆதியம்மாளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். போன வருஷம் ஒருநாள், படகை மணலில் இழுத்து ஏற்றிவிட்டு, அதன்மேலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டாராம். குளித்தவர்போல வியர்த்து ஊற்றியிருக்கிறது. சர்க்கரை இறங்கிவிட்டதென்று எல்லோரும் சொல்லி, கடையிலிருந்து சர்க்கரை தூக்கலாகப் போட்டு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ரெண்டு டீ குடித்தாராம். மறுநாள் கடலுக்குப் போய்விட்டாராம்.

"அன்னைக்குத்தான்," என்றார் ரெஜினா. "சர்க்கரை ரொம்ப நாளா இருந்தா வலியைச் சொல்ற நரம்பும் மரத்துடும். வலிக்கலைன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம் இல்லை."

தீனா கேட்டான்: "மேடம், ஒக்கார வெச்சே கண்ணு ஆபரேசன் பண்ண முடியாதா?"

"முடியாதுப்பா."

"ஊசி கீசி?"

"இந்த நிலையில கண்ணுக்குள்ள மருந்து ஊசி போட்டா சவ்வு இன்னும் சுருங்கும். நெஞ்சுக்கும் ஆகாது. முழு மயக்கமும் இந்த நெஞ்சு தாங்காது. மொதல்ல நெஞ்சு. அதைச் சரிபண்ணிட்டு உடனே எங்கிட்ட கூட்டிட்டு வாங்க."

காத்தவராயன் ஒத்துக்கொள்ளவில்லை. "கண்ண முடிச்சிட்டு நெஞ்சுக்குப் போறேம்மா. நெஞ்சு இத்தினி நாள் இருந்துச்சில்ல, இன்னும் பத்து நாள் இருக்காதா?" என்று கெஞ்சினார். ரெஜினா தலையை ஆட்டினார். அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார். தீனா பின்னால் ஓடினான்.

நாலைந்து நாள் கழித்து ஆதியம்மாள் எனக்கு ஃபோன் செய்தாள்.

"தம்பி, அது படுத்துப் பழகிகினு கீது."

"என்னம்மா சொல்றீங்க?"

"வலைக் குமியல் வேணாம்னுட்டாரு. தரையில பாயைப் போட்டு மல்லாந்து கெடக்கறாரு. மூச்சு முட்னா ஏந்து ஒக்காந்துக்கறாரு, மறுபடி படுக்கறாரு. கண்ணு டாக்டரம்மாவுக்குப் படுத்துக் காட்டணுமாம். எங்கிட்டப் பேச மாட்றாரு. நீ ஒரு வார்த்த சொல்லு தம்பி, நீ சொன்னா கேப்பாரு."

நான் பேசினேன். கேட்டுக்கொண்டார். "செரி தம்பி, செரி," என்றார். மறுநாள் விடிகிற நேரத்தில் நுரையீரலில் நீர் ஏறி, நுரையாகத் துப்பிக்கொண்டிருந்தவரை ஆம்புலன்ஸில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள்.

சென்னையில் ஆஞ்சியோ எடுத்துப் பார்த்ததில் மூன்று குழாய்களும் அடைத்திருந்தன. ஒன்றில் நூல் அளவுக்கு வழி இருந்ததாம். அதில்தான் இத்தனை நாள் ஓடியிருக்கிறது. நீரை வற்றவைத்து, கொஞ்சம் தேறவைத்து, பிறகு நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தார்கள். காகிதத்தில் கையெழுத்துப் போட்டது ஆதியம்மாள். அவள் கைநாட்டு வைப்பவள். அன்றைக்குத் தன் பெயரை எழுதியே தருவேன் என்று சொல்லி, தீனா எழுதிக் காட்டக் காட்ட எழுதினாளாம். ஏனென்று நான் கேட்டதற்கு, "ரேகைய வெச்சிட்டு அப்பாலிக்கா நான் இல்லன்னு சொல்லக் கூடாதில்ல," என்றாள்.

நெஞ்சு ஆறிக்கொண்டிருந்த அந்த வாரங்களில் காத்தவராயன் எனக்கு அடிக்கடி ஃபோன் செய்வார். மனைவியின் ஃபோன்தான், ஆனால் அவளிடம் கேட்டு வாங்க மாட்டார், தீனா வரும்போது அவனிடம் சொல்லி வாங்கிப் பேசுவார்.

"தம்பி, கண்ணு ஆபரேசன் எப்ப?"

"நெஞ்சு டாக்டர் ஓகே சொல்லணும் ஐயா. டாக்டரம்மா தெனமும் அவங்ககிட்டப் பேசிட்டுத்தான் இருக்காங்க."

"இப்ப நல்லா படுக்கறேன் தம்பி. மெய்யாலுமே. கீழ தலைகாணியே இல்ல. சிஸ்டரைக் கேட்டுப் பாரு."

உண்மைதான். பைபாஸுக்குப் பிறகு அவரால் மல்லாந்து படுக்க முடிந்தது.

அப்புறம் ஒருநாள் காலை, குரலில் அவசரமே இல்லாமல் பேசினார். "தம்பி, மேலேர்ந்து ஒரு பாயி எறங்கறாப்பல கீது. நேத்து பாதி இருந்துச்சி. இப்ப ஜன்னல்ல அடிக்கம்பி மட்டும் தெர்து."

நான் ரெஜினாவின் அறைக்கு ஓடினேன். அன்றைக்கே அவர் சென்னை டாக்டர்களோடு பேசினார். ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தை எப்படிச் சமாளிப்பது, கம்பி கட்டிய மார்பெலும்பு கூடிவருவதற்குள் இடம் மாற்றலாமா என்றெல்லாம் பேசி, அனுமதி வாங்கிச் செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் அடிக்கம்பியும் மறைந்திருந்தது. திரை நடுவரைக்கும் பிய்ந்துவிட்டது. ஆனாலும் ரெஜினா ஆபரேஷன் செய்தார். சவ்வை உரித்து எடுத்து, திரையைப் பழைய இடத்தில் ஒட்டவைத்து, வெளியே வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. அத்தனை நேரமும் காத்தவராயன் தலையணை இல்லாமல், ஆடாமல் படுத்திருந்தார். இந்தத் தடவை மூச்சைக் கட்டவில்லை.

மறுநாள் கட்டுப் பிரித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். ரெஜினா அவர் முகத்துக்கு நேராக விரல்களைக் காட்டினார். எத்தனை என்று அவருக்குச் சொல்ல முடியவில்லை. கையைப் பக்கத்தில் கொண்டுபோய் ஆட்டினார்.

"கை ஆடறது தெரியுதா?"

"காத்து தெர்து," என்றார்.

டார்ச்சை அடித்தபோது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சரியாகச் சொன்னார். ரெஜினா அதைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு, இன்னும் சில வாரம் பார்க்கலாம் என்றார். சில வாரம் பார்த்தோம். அதற்குமேல் ஒன்றும் கூடவில்லை.

அதன்பிறகும் நான் சதுரங்கப்பட்டினத்துக்குப் போய்வருகிறேன். போனால் அவர் வீட்டில் ஒரு நடை ஏறிவிட்டுத்தான் வருவேன். போனமுறை போனபோது வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, தீனா கொடுத்துவிட்டுப்போன வலையை மடியில் போட்டு, அறுந்த கண்களை விரலாலேயே தேடி முடிந்துகொண்டிருந்தார். என் குரலைக் கேட்டதும், "வா படிச்ச புள்ள," என்றார். சோப்பு வாசனை வருகிறதே, இன்றைக்கும் அந்த வெள்ளைக் கோட்டா என்று கேட்டார். மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டேன். டப்பாவை எடுத்துக் காட்டினார். காலைக்கு ஒரு அறை, ராத்திரிக்கு ஒரு அறை. ஆதியம்மாள் பிரித்துப் போட்டு வைத்துவிட்டு மீனுக்குப் போவாள்.

"அவங்களோட பேசறீங்களா ஐயா?"

ஒரு கண்ணியை முடித்துப் பல்லால் நூலைக் கடித்தார்.

"அவ வாயத் தொறக்கலன்னா நான் பாத்துகினு இருந்திருப்பேன் தம்பி."

"டாக்டரம்மா சொன்னாங்கல்ல. அன்னைக்கு டேபிள்ல படுக்க வெச்சிருந்தா பாதியில நெஞ்சு நின்னுருக்கும்."

"தெரியும். அத எங்கிட்டயும்தான் சொன்னாங்க." வலையை மடியிலேயே மடித்துவைத்தார். "செத்திருந்தா செத்திருப்பேன். அணியத்துல நின்ன ஆளுன்னு சொல்லி எடுத்துகினு போயிருப்பானுங்க. இப்ப எதிர்ல வர்றவன், 'அண்ணாத்த, நான்தான், நான்தான்'னு பேரு சொல்லிகினு வர்றான். எனக்கு அவன் நடைய வெச்சே தெரியும், யாருன்னு. ஆனா அவன் பேரு சொல்றானில்ல."

சொல்வதற்கு என்னிடம் இருந்ததெல்லாம் படித்த விஷயங்கள்.

திரும்பும் வழியில் ஆதியம்மாள் டச்சுக் கோட்டைப் பக்கம் கடை போட்டிருந்தாள். கானாங்கத்தை மீனை வெட்டிக்கொண்டே பேசினாள்.

"பேசினாரா?"

"பேசினார்மா."

"என்னைப் பத்தியா?"

நான் அவள் வெட்டிக்கொண்டிருந்த மீனைப் பார்த்தேன்.

"திட்னாரா? திட்னா நல்லதுதான். வூட்ல அதுகூட கெடையாது. சோத்த வெச்சா துண்றாரு. கையப் புடிச்சிக் கக்கூஸுக்கு இட்னு போனா வர்றாரு. 'தண்ணி'ன்னுகூடக் கேக்க மாட்டாரு, சொம்பைத் தட்டுவாரு. நான் எடுத்துக் குடுப்பேன்." செதிலை வழித்து எறிந்தாள். "ஒரு நாளு சொல்லிட்டேன். 'நான் பண்ணது தப்புன்னா சொல்லு, கால்ல வுழறேன். ஆனா மறுபடி அந்த நாளு வந்தாலும் அதைத்தான் சொல்லுவேன்'னேன். சொம்பைத் தட்னாரு."

வாங்க வந்த பெண்ணுக்கு மீனைப் பையில் போட்டுக் கொடுத்தாள். கையைக் கழுவிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ராத்திரில மல்லாந்து படுத்துத் தூங்கறாரு தம்பி. கொறட்டை வுட்றாரு. நான் முழிச்சிகினு கேட்டுகினே கெடப்பேன். அது ஒண்ணு போதும் எனக்கு." சொல்லிவிட்டு, போதவில்லை என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காத்தவராயனுக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. சதுரங்கப்பட்டினத்தில் தம் வீட்டில் இருக்கிறார். வலது கண்ணில் பார்வை இல்லை. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. சென்னையில் கடைசியாக எடுத்த எக்கோவில் இதயம் முன்பைவிட நன்றாகத் துடிக்கிறது. ஆதியம்மாள் தினமும் விடியுமுன் மீன் எடுக்கப் போகிறாள். அவர் இன்னும் அவளோடு பேசுவதில்லை.